தங்கவயலும் வீட்டு வசதியும்

பங்காருப்பேட்டைச் சந்திப்பிலிருந்து கிளை பிரிந்து, கோரமண்டல், உரிகாம், சாம்பியன் என்னும் நிலையங்களைக் கடந்து, மாரிக்குப்பத்தில் முடிவுறும் சிறு இருப்புப் பாதை ஒன்று உண்டு. 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதை, தங்கச் சுரங்கங்களுக்கு ஆட்களையும் இயந்திரங்களையும் கொண்டு சேர்ப்பதற்காகவே போடப்பட்டது. இன்று அதன் பணி தலைகீழாகிவிட்டது. பொழுது புலர்வதற்கு முன்னரே ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை அது பெங்களூருக்கு ஏற்றிச் செல்லுகிறது. இரவில் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. போகவும் வரவுமாக நாள்தோறும் நெடும் பயணம். வேலை இருக்கும் இடத்திலேயே குடியேறிவிட்டால் இந்த அலைச்சல் இராதே என்று கேட்கலாம். வேலை பெங்களூரில் இருக்கிறது; வீடு தங்கவயலில் இருக்கிறது. பெங்களூரில் வாடகை கொடுத்து வாழ இயலாத குடும்பத்துக்குத் தங்கவயலில் உள்ள அந்த ஓர் அறை வீடே கையில் உள்ள ஒரே முதல். அந்த முதலேனும் சட்டப்படி அவர்களுடையதுதானா என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்களுக்குக் கோலார் தங்கவயலைப் பற்றி விரிவாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1880-ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்குச் சுரங்கத் தொழிலை நடத்தத் தொடங்கினர். வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து வறட்சியாலும் நிலமின்மையாலும் தள்ளப்பட்டவர்கள் அங்குச் சென்று குடியேறினர். அவர்களுள் பெரும்பாலோர் ஆதி திராவிடர். சிவசமுத்திரத்தில் உண்டாக்கப்பட்ட மின்சாரம் 1902-ஆம் ஆண்டிலேயே அவ்வயலை எட்டியது. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை மனிதர் இறங்கினர். எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் வெளிவந்தது. அத்தொழிலாளிகள் வெறும் உடலுழைப்பாளிகளாக மட்டும் இருந்துவிடவில்லை. பௌத்த சங்கங்கள், படிப்பகங்கள், நாடகக் குழுக்கள், தொழிற்சங்கங்கள் ஆகியவற்றை அவர்கள் நிறுவிக்கொண்டனர். அயோத்திதாச பண்டிதர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை அவர் காலத்துக்குப் பின் மறுபடியும் உயிர் பெற்றதும் தங்கவயலில்தான்.

சுரங்க எல்லையை அடுத்துக் கடைத்தெருக்களாகவும் குடியிருப்புகளாகவும் வளர்ந்தவை ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்னும் இரு பேட்டைகள். ஆண்டர்சன்பேட்டை இன்று ராபர்ட்சன்பேட்டை நகரசபையின் எல்லைக்குள் அடங்கியது. 2011-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி அந்நகரசபை எல்லையில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வசித்தனர். ஊர் ஒன்றாகத் தோன்றினும் நிலம் ஒன்றன்று. பேட்டைகளின் நிலம் ஒரு வகை. சுரங்கக் கம்பெனியார் தம் தொழிலாளிகளுக்காகக் கட்டிய லைன் வீடுகள் நிற்கும் நிலம் வேறு வகை. இந்த வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொண்டால்தான், வீட்டு வசதித் திட்டத்தில் இந்நகரம் பங்கு கொள்வதில் உள்ள சிக்கல் விளங்கும்.

கம்பெனி காலத்தில் வீடு எவ்வாறு கிடைத்தது என்பதை முதலில் நோக்குவோம். மூங்கில் தட்டியாலான குடிசைகளே தொடக்கத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தவை. பின்னர்த் தகரக் கூரை வேய்ந்த வரிசை வீடுகள் எழுந்தன. ஓர் அறை, அதற்கு முன் ஒரு சிறு தாழ்வாரம், வரிசைக்கு ஒரு பொதுக் குழாய். இவற்றோடு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. ஆழத்தில் பாறை வெடித்து அதிரும்போது, தொழிலாளிகள் 'ஏர் பிளாஸ்ட்' என்று அழைத்த அந்த அதிர்ச்சி, மேலே உள்ள சுவர்களையும் நடுங்கச் செய்தது. ஆயினும் வாடகைச் சுமை பெரிதில்லை. வீடும் வேலையும் ஒரே கையிலிருந்து வந்தன. வந்த கை விலகினால் இரண்டும் ஒருங்கே விலகும் என்பதை அக்காலத்தில் நினைத்துப் பார்க்க நேரவில்லை.

நாடு விடுதலை பெற்றபின், தொழிலாளர் வீட்டு வசதி சர்க்காரின் பொறுப்பும் ஆகும் என்ற கொள்கை வேரூன்றியது. 1952-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் உதவிபெறும் கைத்தொழிலாளர் வீட்டுத் திட்டத்தை வகுத்தது. தொழிற்சாலைச் சட்டத்துக்கு உட்பட்ட தொழிலாளிகளும், நிலக்கரி, அப்பிரகம் ஆகிய இரண்டு நீங்கலான ஏனைய சுரங்கங்களின் தொழிலாளிகளும் அதற்கு உரியவராயினர். நிலக்கரிக்கும் அப்பிரகத்துக்கும் தனி நிதிகள் இருந்தமையே அவ்விரண்டையும் நீக்கியதற்குக் காரணம். ஆகவே தங்கச் சுரங்கத் தொழிலாளியும் அத்திட்டத்தின் சொற்களுக்குள் அடங்கியவரே. மாநில சர்க்கார் கட்டினால் செலவில் பாதி மானியமாகவும் பாதி கடனாகவும் வழங்கப்பெற்றது. முதலாளிகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வேறு விகிதங்கள் இருந்தன. மேலே ஒரு சர்க்கார் பணம் தருவது, இடையில் ஒரு சர்க்கார் அதைப் பங்கிடுவது, கீழே ஓர் ஸ்தல ஸ்தாபனமோ நிறுவனமோ கட்டுவது என்ற மூன்றடுக்கு முறை அன்று முதல் இன்றுவரை மாறவில்லை.

சுரங்கங்கள் 1956-ஆம் ஆண்டில் மைசூர் சர்க்காரின் உடைமையாயின. 1962-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் கைக்கு மாறின. 1972-ஆம் ஆண்டில் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று. குடியிருந்தவர்கள் வீடுகளை விட்டுப் போகவில்லை. போக இடமும் இல்லை. தாத்தா காலம் முதல் வாழ்ந்த அவ்வீடுகளைத் தமக்கே உரிமையாக எழுதித் தரவேண்டும் என்ற கோரிக்கை அன்று முதல் எழுந்து நிற்கிறது. வேலையோடு கட்டிய வீடு வேலையோடு ஆட்டங்காணும். நிலத்தோடு கட்டிய வீடே நிலைக்கும். தங்கவயல் நமக்குக் கற்பித்த முதற் பாடம் இதுவே.

இனி, இன்றைய திட்டத்துக்கு வருவோம். 2015-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி நகர்ப்புறத்துக்கான பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா தொடங்கப்பெற்றது. நாடெங்கும் ஒரு கோடியே பதினெட்டு லட்சம் வீடுகள் வரையில் அதன்கீழ் அனுமதி பெற்றன. அதன் இரண்டாம் கட்டம் 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி தொடங்கியது. இன்னும் ஒரு கோடிக் குடும்பங்கள் அதன் இலக்கு. கர்நாடக மாநிலத்திலோ, 1991-92 முதல் ஆசிரயத் திட்டமும், பின்னர் வாஜ்பாய் நகர வீட்டு வசதித் திட்டம், டாக்டர் அம்பேத்கர் நிவாஸ் யோஜனா முதலியனவும் நடந்து வந்தன. இவற்றுக்கெல்லாம் பணம் பகிர்ந்தளிக்கும் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் அமைந்த ராஜீவ் காந்தி கிராம வீட்டு வசதிக் கழகம். பெயரில் கிராமம் இருப்பினும் நகரங்களின் வீடுகளுக்கும் அதுவே பொறுப்பு. இப்பெயரைப் பார்த்து, 'இது நமக்கன்று' என்று திரும்பிப் போன நகரவாசிகளும் உண்டாதலின், இதனைக் குறிப்பிட்டோம்.

இத்திட்டத்தில் ஒரு நகரம் பங்கு கொள்ளுதல் என்றால் என்ன? நகரசபை முதலில் வீடற்றோர், ஓலை அல்லது தகரக் கூரையின்கீழ் வாழ்வோர் ஆகியோரின் தேவையைக் கணக்கெடுக்க வேண்டும். அதற்கேற்ற விரிவான திட்ட அறிக்கையைத் தயாரிக்க வேண்டும். அவ்வறிக்கை மாநில மட்டக் குழுவின் பரிசீலனைக்குச் சென்று, அதன் பின் மத்தியக் குழுவின் அனுமதிக்குச் செல்லும். அனுமதி கிடைத்தால் பணம் மொத்தமாக வருவதில்லை. தவணை தவணையாக வரும். பயன் பெறுவோர் பட்டியலில் நகரசபைக்கும், சட்டமன்ற உறுப்பினர் தலைமையிலுள்ள ஆசிரயக் குழுவுக்கும் இடமுண்டு. கணக்கெடுப்பில் விடுபட்ட குடும்பம் அறிக்கையில் இராது. அறிக்கையில் இல்லாத குடும்பத்துக்கு அனுமதியும் இராது. ஆகையால், ஒரு வீட்டின் அஸ்திவாரம் மண்ணில் விழுவதற்கு முன்னரே நகரசபையின் காகிதத்தில் விழுந்தாக வேண்டும்.

இரண்டாம் கட்டத் திட்டத்தில் நான்கு வழிகள் உண்டு. சொந்த நிலம் உடையவர் தாமே கட்டிக்கொள்வது முதல் வழி. சர்க்காரும் தனியாரும் கூடிக் கட்டும் அடுக்கு வீடுகளில் ஒன்றைப் பெறுவது இரண்டாம் வழி. குறைந்த வாடகைக்கு வீடு பெறுவது மூன்றாம் வழி. வீட்டுக் கடனுக்கு வட்டி மானியம் பெறுவது நான்காம் வழி. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டோர் பொருளாதாரத்தில் நலிந்தோர் எனவும், 6 லட்சம் வரை குறைந்த வருவாயினர் எனவும், 9 லட்சம் வரை நடுத்தர வருவாயினர் எனவும் வகுக்கப்பட்டுள்ளனர். முதலிரண்டு வழிகளும் நலிந்தோர்க்கே உரியவை. கர்நாடகம் போன்ற பெரிய மாநிலங்களில் வீடு ஒன்றுக்கு மத்திய சர்க்கார் ஒன்றரை லட்சமும், மாநில சர்க்கார் குறைந்த அளவு ஒரு லட்சமும் தர வேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தொகை போதுமா? ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். திட்டம் விதிக்கும் மிகச் சிறிய வீடு 30 சதுர மீட்டர்; அதாவது ஏறத்தாழ 323 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் செலவு 6 லட்சத்து 46 ஆயிரம். இரண்டு சர்க்கார்களும் தரும் இரண்டரை லட்சத்தைக் கழித்தால், குடும்பத்தின் பொறுப்பு ஏறத்தாழ 4 லட்சம். கட்டட வேலையிலோ, ஆயத்த ஆடைத் தொழிற்சாலையிலோ, காவற்காரர் பணியிலோ ஈடுபட்டுப் பெங்களூருக்குப் போய் வரும் ஒருவருக்கு இத்தொகை சிறிதன்று. வங்கியை அணுகினால் வங்கி நிலப் பத்திரத்தைக் கேட்கும். தவணையோ, அஸ்திவாரம், சன்னல் மட்டம், கூரை என்ற படிகள் முடிந்த பின்னரே வரும். எனவே முதற் படிக்கான பணத்தை முன்கூட்டியே தேட வேண்டும். பத்திரம் இல்லாதவர் வட்டிக்காரரிடம் செல்வார். மானியமாக வந்த பணம் வட்டியாகக் கரைந்து போவதும் உண்டு. ஆதலின் இத்திட்டத்தின் உயிர்நாடி பணம் மட்டுமன்று, பத்திரமுமாகும்.

இப்போது தங்கவயலின் நிலத்தை மறுபடியும் நோக்குவோம். அங்கு வாழும் எளிய குடும்பங்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம்.

முதல் வகையினர், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை ஆகிய பேட்டைகளில் தம் பெயரில் மனை உடையவர்கள். இவர்களுக்குச் சிக்கல் குறைவு. தந்தை பெயரிலோ பாட்டன் பெயரிலோ உள்ள மனையை வாரிசு முறைப்படி தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளாமல் விட்டிருந்தால் மட்டுமே தடை. அண்ணன் தம்பிமார் நால்வர் நான்கு ஊர்களில் இருக்க, மூத்தவர் மட்டும் பழைய வீட்டில் குடியிருப்பது தங்கவயலில் வழக்கம். நால்வரும் கையொப்பமிட்டால்தான் மனை ஒருவர் பெயருக்கு வரும். வெளியூரில் வாழும் தம்பியின் ஒரு கையொப்பத்துக்காகக் கூரை ஒழுகிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

இரண்டாம் வகையினர், மாநில சர்க்காரின் புறம்போக்கு நிலத்தில் குடிசை கட்டி வாழ்பவர்கள். இவர்களுக்குக் கர்நாடக நில வருவாய்ச் சட்டம் ஒரு வழியைத் திறந்துள்ளது. நகர்ப்புறங்களில் சர்க்கார் நிலத்தில் கட்டிய குடியிருப்புகளை, குறித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒழுங்குபடுத்தித் தருவதற்கு அச்சட்டத்தில் 94-சிசி என்னும் பிரிவு இடமளிக்கிறது. கன்னடத்தில் 'ஹக்கு பத்திரம்' எனப்படும் உரிமைப் பத்திரம் கிடைத்துவிட்டால், அவர்கள் முதல் வகையினரோடு சேர்ந்துவிடுவர்.

மூன்றாம் வகையினரே மிகுந்த இடருக்கு ஆளானவர்கள். சுரங்க நிறுவனத்தின் லைன் வீடுகளில் வாழ்பவர்கள் இவர்கள். அந்நிலம் நகரசபையுடையதும் அன்று, மாநில சர்க்காரின் புறம்போக்கும் அன்று. நகரசபை விரும்பினாலும் அங்குப் பத்திரம் தர இயலாது. தாசில்தார் விரும்பினாலும் இயலாது. மத்திய சர்க்கார் முடிவு செய்தாலன்றி, மத்திய சர்க்காரே வகுத்த வீட்டுத் திட்டத்தின் 'சொந்த நிலம்' என்ற நிபந்தனையை அவர்கள் நிறைவேற்ற முடியாது. ஒரே சர்க்காரின் ஒரு கை பணத்தை நீட்டுகிறது. மற்றொரு கை நிலத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது. இடையில் நிற்கும் குடும்பத்துக்கு இரண்டு கைகளும் எட்டுவதில்லை. இது எவருடைய தீய எண்ணத்தாலும் நேர்ந்ததன்று. வீட்டு வசதி ஓர் அமைச்சகத்தின் பொறுப்பு, சுரங்க நிலம் வேறோர் அமைச்சகத்தின் பொறுப்பு என்று பிரிந்து கிடப்பதால் விளைந்தது. இரண்டையும் ஒரே மேசையின்மீது கொண்டுவருவதற்கு நகரசபை ஒன்றுக்கு வலிமை போதாது. மாநில சர்க்காரும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் சேர்ந்து முயல வேண்டும்.

மத்திய சர்க்கார்க் காரியாலயத்தில் மொழிபெயர்ப்பையே நாள்தோறும் தொழிலாகக் கொண்ட நமக்கு, இவ்விடத்தில் சில சொற்களைப் பற்றிச் சொல்லத் தோன்றுகிறது. 'அனுபவம்' என்பது ஒன்று. 'உடைமை' என்பது மற்றொன்று. நூறாண்டு ஓரிடத்தில் குடியிருந்தால் அனுபவம் உண்டாகும். பத்திரம் எழுதப்பட்டாலன்றி உடைமை முழுமையாகாது. அவ்வாறே கர்நாடகத்தில் வாழும் தமிழர்கள் 'காத்தா இருக்கிறது' என்று நிம்மதியாகக் கூறுவர். காத்தா என்பது நகரசபையின் சொத்துவரிப் பதிவேட்டில் ஒருவர் பெயரில் உள்ள கணக்கு. வரி செலுத்துபவர் இன்னார் என்பதை அது காட்டும். நிலம் இன்னாருடையது என்று அது தானே முடிவு கட்டாது. வீட்டு வரி ரசீது, மின்சார ரசீது, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை ஆகிய யாவும் குடியிருந்தமைக்குச் சான்றுகள். உடைமைக்குச் சான்றுகள் அல்ல. குடியிருந்தமையை மெய்ப்பிக்க அவை பெரிதும் உதவும். ஆகவே பழைய சம்பளச் சீட்டு முதலாக எதையும் எறிந்துவிடலாகாது. ஆனால் அவற்றையே பத்திரம் என்று நம்பியிருத்தலும் ஆகாது. விண்ணப்பங்கள் கன்னடத்தில் அச்சிடப்பட்டிருத்தலால், சொல்லின் பொருள் தெரியாமல் கையொப்பமிடுவோர் பலர். அயலில் வாழும் கன்னட நண்பரிடம் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை.

வெளி மாநிலத் தமிழர்களுக்குத் தனிப்படப் பொருந்தும் விதிகள் சில உள்ளன. இந்தியாவில் எந்த இடத்திலேனும் தம் பெயரிலோ குடும்பத்தினர் பெயரிலோ நல்ல கட்டுமான வீடு உடையவர் இத்திட்டத்தில் வீடு பெற இயலாது. குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத மக்கள் ஆகியோரைக் குறிக்கும். திருப்பத்தூரிலோ குடியாத்தத்திலோ மனைவி பெயரில் ஒரு கல் வீடு இருந்தால், அதில் எவரும் குடியிராவிட்டாலும் தடையே. கடந்த இருபது ஆண்டுகளில் மத்திய, மாநில, ஸ்தல ஸ்தாபனத் திட்டம் எதன்கீழேனும் வீடு பெற்றவரும் மீண்டும் பெற இயலாது. ஆதார் எண் வழியே யாவும் ஒத்துப் பார்க்கப்படுதலால் மறைத்தலும் பயன் தராது. எந்த ஊரில் நிலைபெற்று வாழப் போகிறோம் என்பதை முன்னரே தீர்மானித்து, அந்த ஊரில் உரிமையைக் கோருவதே அறிவுடைமை. வீடு பெண்ணின் பெயரிலோ, கணவன் மனைவி இருவர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பது நல்லதொரு விதி. இதனைச் சுமையாகக் கருதாமல் பாதுகாப்பாகக் கொள்ளல் வேண்டும்.

சாதிச் சான்று பற்றியும் ஒன்று கூற வேண்டும். பட்டியல் இனத்தவர்க்கு மாநிலத் திட்டங்களில் தனிச் சலுகைகள் உண்டு. ஆனால் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர், தம் பழைய மாநிலத்தின் பட்டியல் நிலையைக் கொண்டு புதிய மாநிலத்தில் சலுகை கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் ஆதி திராவிடர், கர்நாடகத்தின் பட்டியலிலேயே தம் சாதிப் பெயர் இருத்தலால், தம் முன்னோர் அங்கு நெடுங்காலம் வாழ்ந்தமையைக் காட்டிச் சான்று பெறலாம். அண்மையில் குடிபெயர்ந்தவர்க்கு அவ்வழி இல்லை. பாட்டனாரின் சுரங்க வேலைச் சீட்டு இன்று பேரனுக்குப் பயன்படக்கூடும் என்பதை இதனால் உணரலாம்.

காகிதம் இல்லாமையால் வரும் இடர் தங்கவயலுக்கு மட்டும் உரியதன்று. தில்லியில் ஜங்புராவின் அருகே மதராஸி கேம்ப் என்று வழங்கிய தமிழர் குடியிருப்பு, நீதிமன்ற ஆணையின்படி 2025-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டது. அங்கிருந்த ஏறத்தாழ 370 குடிசைகளில் ஒரு பகுதியினருக்கே நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது; குறித்த தேதிக்கு முந்திய சான்று காட்ட முடியாதோர் வெறுங்கையராயினர். ஒதுக்கீடு பெற்றோரும், வேலை செய்த இடத்துக்கும் நரேலாவுக்கும் உள்ள தொலைவால் வருந்தினர். பம்பாயின் தாராவியில், 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன் தரைத் தளத்தில் குடியிருந்தமைக்குச் சான்று உடையோர்க்கே தாராவியிலேயே இலவச வீடு என்பது விதி. ஓர் ஊரில் பதினைந்து ஆண்டு உழைத்தும், ஒரு தேதி, ஒரு ரசீது ஆகிய இரண்டின் குறைவால் வீடிழப்போர் நம்மவரில் எத்தனையோ பேர்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு கையாண்டன என்பதையும் சிறிது பார்ப்போம். முதல் உலகப் போருக்குப்பின் 1919-ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயற்றப்பட்ட வீட்டு வசதிச் சட்டம், ஒவ்வொரு ஸ்தல ஸ்தாபனமும் தன் எல்லையில் உள்ள வீட்டுத் தேவையைக் கணக்கெடுத்து மூன்று மாதத்துக்குள் திட்டம் அனுப்ப வேண்டும் என்று கடமையாக்கியது. குறித்த அளவுக்கு மேற்பட்ட நஷ்டத்தை மத்திய கஜானா ஏற்றது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டில் சமுதாய அபிவிருத்தி மானியமும், 1990-ஆம் ஆண்டில் மலிவு வீடுகளுக்கான தனி நிதியும் ஏற்படுத்தப்பட்டன. அங்கு ஒரு சிறு நகரம் தனித்து நிதி பெறத் தகுதியற்றதாயின், தன் மாவட்டத்தோடும் அண்டை நகரங்களோடும் ஒப்பந்தம் செய்து ஒரே கூட்டாக நிதி கோரலாம். பொறியாளர், கணக்கர், சட்ட அறிஞர் ஆகியோரைத் தனித்தனியே அமர்த்த இயலாத சிறு நகரங்கள், கூட்டாக அமர்த்திக்கொள்கின்றன. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டின் எழுபத்து நான்காவது அரசியல் சட்டத் திருத்தம், குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகர வறுமை ஒழிப்பையும் நகராட்சி மன்றங்களின் பணிகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்துள்ளது. பணி சேர்ந்த அளவுக்கு ஆட்களும் பணமும் சேரவில்லை. கோலார், முள்பாகல், பங்காருப்பேட்டை, தங்கவயல் ஆகிய ஊர்கள் திட்ட அறிக்கை தயாரிப்பதற்கேனும் ஒரு பொதுக் குழுவை அமைத்துக்கொண்டால், தனித்தனியே தடுமாறுவதைக் காட்டிலும் நன்மை மிகும்.

நிலத்தின் இயல்பையும் மறந்துவிடலாகாது. தங்கவயலைச் சுற்றி மலைபோல் நிற்பவை சுரங்கக் கழிவு மண்மேடுகள். தங்கத்தைப் பிரிக்கச் சயனைட் பயன்படுத்தியமையால் அவற்றைச் 'சயனைட் மேடு' என்றே மக்கள் அழைப்பர். பதின்மூன்று மேடுகளில் ஏறத்தாழ 330 லட்சம் டன் மண் குவிந்துள்ளது. காற்று வீசும் பருவத்தில் அம்மண் துகள் வீடுகளுக்குள் புகுந்து உணவிலும் படிகிறது. மூச்சிரைப்பு நோயாளிகளை வருத்துகிறது. அம்மேடுகளில் எஞ்சிய தங்கத்தை எடுப்பதற்காக அவற்றை ஏலம் விடும் மத்திய சர்க்காரின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-ஆம் ஆண்டு இசைவு அளித்தது. அவை பரவியுள்ள இடம் ஆயிரம் ஏக்கருக்கும் மேல். மேட்டு மண் மீண்டும் கிளறப்படுமாயின், அதன் அருகே எந்த இடத்தில் வீடு கட்டலாம், எந்த இடத்தில் கட்டலாகாது என்பதை முன்னரே வரையறுத்தாக வேண்டும். பழைய சுரங்கக் குழிகளின் மேலும் அருகிலும் அடுக்கு வீடு எழுப்புமுன் பாறையின் உறுதியைச் சோதித்தல் வேண்டும். அதற்கு வெளியூர் நிபுணரைத் தேட வேண்டியதில்லை. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-ஆம் ஆண்டில் தங்கவயலிலேயே தோன்றியது. அதன் ஆராய்ச்சியை நகரசபையின் வீட்டுத் திட்டத்துடன் இணைப்பது ஒரு கடிதத்தால் தொடங்கக்கூடிய காரியம்.

அடுக்கு வீடா, தனி வீடா என்ற வினாவும் இங்கு எழுகின்றது. நெருங்கிய பெருநகரில் அடுக்கு வீடு தவிர்க்க முடியாதது. தங்கவயலிலோ நிலம் உண்டு, உரிமையே இல்லை. வீட்டு முற்றத்தில் ஆடு கட்டுவதும், கோழி வளர்ப்பதும், தையல் இயந்திரம் இட்டுப் பெண்கள் தொழில் செய்வதும் அக்குடும்பங்களின் வருவாயில் ஒரு பங்கு. மூன்றாம் மாடியில் இவை நடவா. ஆகவே உள்ள இடத்திலேயே உரிமை தந்து, உள்ள வரிசைகளையே செப்பனிட்டு, குழாயும் சாக்கடையும் கழிப்பிடமும் அமைத்துத் தருதலே அங்குப் பெரும்பாலும் பொருத்தமான வழி என்பது நம் கருத்து. நாள்தோறும் பெங்களூருக்குச் செல்வோர்க்கு வேறொரு துணையும் வேண்டும். திட்டத்தின் மூன்றாம் வழியாகிய மலிவு வாடகை விடுதிகள், தொழிற்சாலைகள் உள்ள இடத்தருகே எழுமாயின், இளைஞர்கள் வார நாட்களில் அங்குத் தங்கி, வார இறுதியில் வீடு திரும்பலாம். நாள்தோறும் ரயிலில் கழியும் மணி நேரங்கள் அவர்களுக்கு மிச்சமாகும்.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. மத்திய சர்க்கார், சுரங்கக் குடியிருப்பு நிலத்தைக் குடியிருப்போர்க்கோ மாநில சர்க்காருக்கோ முறைப்படி மாற்றித் தந்து, வீட்டுத் திட்டத்தின் கதவை அவர்களுக்குத் திறந்துவிடல் வேண்டும். நகரசபை, ஆண்டர்சன்பேட்டை முதல் மாரிக்குப்பம் வரை ஒரு வீடும் விடாமல் கணக்கெடுத்து, எந்த வீடு எந்த நிலத்தில் நிற்கிறது என்ற வரைபடத்தோடு பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தல் வேண்டும். குடியிருப்போர், தம்மிடமுள்ள சான்றுகளை ஒழுங்கு செய்து, வாரிசு மாற்றங்களை முடித்து, பட்டியல் வெளியாகும்போது தம் பெயரைத் தாமே சரிபார்த்தல் வேண்டும். இம்மூன்றில் முதலிரண்டும் பிறர் கையில் உள்ளவை. அவற்றுக்காகக் கேட்பதும் வற்புறுத்துவதும் நம் உரிமை. மூன்றாவது நம் கையில் உள்ளது.

தங்கவயலில் பிறந்து இன்று பம்பாயிலோ, தில்லியிலோ, ஐதராபாத்திலோ வாழும் நேயர்கள், மூதாதையர் வீட்டின் வாரிசு உரிமையில் தம் கையொப்பம் நிலுவையில் உள்ளதா என்று உடன்பிறந்தோருக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்பார்களாக. தங்கவயலுக்குத் தொடர்பில்லாத நேயர்களும், தாம் வாழும் ஊரின் நகராட்சி மன்றம் இத்திட்டத்தின்கீழ் அறிக்கை அனுப்பியுள்ளதா, அதில் தம் வட்டாரம் சேர்ந்துள்ளதா என்பதை விசாரித்து அறிவார்களாக. எண்ணூறு டன் பொன்னை மண்ணிலிருந்து எடுத்துக் கொடுத்த கைகளுக்கு, முப்பது சதுர மீட்டர் மண்ணின்மீது உரிமை கேட்பது பேராசையாகாது. அவ்வுரிமை எழுத்தில் அமையும் நாளே தங்கவயலின் வீட்டுத் திட்டம் மெய்யாகத் தொடங்கும் நாள்.